மறுவாழ்வு ரோபோ ஆராய்ச்சிக்கு வர நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரோபோக்களுக்குக் கற்றுக்கொடுப்பதும், கைகால் இயக்கம் குறைந்தவர்களுக்கு அவற்றைப் பயன்பட வைப்பதும் என் வேலை. இதில் பிஎச்.டி. சேரலாமா, பிறகு பேராசிரியர் ஆக முடியுமா என்று கேட்டு வரும் மடல்களுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். எளிமையானவை முதலில், வம்பானவை கடைசியில்.

அசிஸ்டிவ் ரோபோ, ரீஹாப் ரோபோ, ரோபோ லேர்னிங்... மூணும் ஒண்ணுதானே?

இல்லை. முதல் இரண்டும் ரோபோ எதற்காக என்பதைச் சொல்கின்றன. மூன்றாவது அதை எப்படிச் செய்ய வைக்கிறோம் என்பதைச் சொல்கிறது. மறுவாழ்வு ரோபோ சிகிச்சைக்கானது. பக்கவாதம் வந்தவரின் கையோடு சேர்ந்து அசைந்து பயிற்சி கொடுக்கும். அவர் தேறிவிட்டால் அதன் வேலை முடிந்தது. நெவில் ஹோகன், ஹெர்மானோ கிரெப்ஸ் குழுவினர் உருவாக்கிய எம்ஐடி-மேனஸ், நடைப்பயிற்சிக்கான லோகோமேட் எல்லாம் இந்த வகை. உதவி ரோபோ கூடவே இருக்கும். சக்கர நாற்காலியில் பொருத்தும் ஜாக்கோ கை, உணவு ஊட்டும் ஓபி போன்றவை உடலைச் சரிசெய்ய முயல்வதில்லை. குவளையை எடுத்து வாயருகே கொண்டுவந்தால் போதும்.

இது வெறும் வகைப்பிரிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். மறுவாழ்வு ரோபோவின் வெற்றியை அதைக் கழற்றிவைத்த பிறகுதான் அளக்க வேண்டும். உதவி ரோபோவின் வெற்றியை அது இயங்கும்போதே அளக்க வேண்டும். விண்ணப்பங்களில் நான் அதிகம் பார்க்கும் குழப்பம் இதுதான்: சிகிச்சை என்று தொடங்கி, ரோபோ மாட்டியிருக்கும்போது நோயாளி எவ்வளவு வேகமாகக் கையை நீட்டினார் என்று வரைபடம் போட்டு முடித்திருப்பார்கள்.

ரோபோவுக்குக் 'கத்துக்கொடுக்கிறது'ன்னா உண்மையில என்னதான் செய்வீங்க?

ஊட்டிவிடும் ரோபோவையே எடுத்துக்கொள்வோம். கேரட் துண்டை முள்கரண்டியால் நேராகக் குத்தினால் ஒட்டிக்கொண்டு வரும். வாழைப்பழத் துண்டை அப்படிக் குத்தித் தூக்கினால் வழுக்கி விழும். கரண்டியைச் சாய்த்துக் குத்த வேண்டும். திராட்சை உருண்டு ஓடும். ஒவ்வொன்றுக்கும் விதி எழுதி மாளாது. அதனால் ஒருவர் ரோபோவின் கையைப் பிடித்தோ, தொலைவிலிருந்து இயக்கியோ பலமுறை செய்து காட்டுகிறார். கேமராவும் விசை சென்சாரும் பதிவுசெய்ததிலிருந்து, 'இப்படித் தெரிந்தால் இப்படி அசை' என்பதை மாடல் பிடித்துக்கொள்கிறது. இதற்குச் செயல்விளக்கத்திலிருந்து கற்றல் என்று பெயர்.

இதன் பழைய சிக்கல், சிறு பிழை பெருகுவது. ரோபோ கொஞ்சம் விலகினாலும், செய்து காட்டியவர் ஒருபோதும் போகாத இடத்துக்குப் போய்விடும். அங்கே என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. 2011இல் ராஸ், கார்டன், பேக்னெல் முன்வைத்த டேகர் முறை இதற்குத்தான் வந்தது: ரோபோவையே ஓடவிட்டு, அது போய்ச் சேரும் இடங்களில் மனிதரிடம் சரியான அசைவைக் கேட்டுச் சேர்த்துக்கொள்வது. தானே முயன்று தவறித் திருந்தும் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்கும் உண்டு. ஆனால் முயன்று தவறும் இடம் ஒருவருடைய வாய் என்றால், அதைக் கணினியில் உருவாக்கும் மாதிரிச் சூழலான சிமுலேஷனுக்குள் மட்டுமே செய்ய முடியும்.

மெக்கானிக்கலா, கம்ப்யூட்டர் சயின்ஸா, பயோமெடிக்கலா? எந்தப் பட்டம் இருந்தா நல்லது?

எதுவானாலும் சரி. கேள்வி இரண்டாம் வருடத்தில்தான் வரும்: உங்கள் குழுவில் எதற்கு மற்றவர்கள் உங்களிடம் வருகிறார்கள்? ரோபோவின் அசைவைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலுக்கா, மாடல் பயிற்றுவிக்கவா, இயக்க அளவீட்டுக்கா? ஏதாவது ஒன்றில் அந்த இடத்தைப் பிடித்துவிட்டு மற்றதைப் பேசிப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கற்றால் போதும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று வந்தவர்கள் வேலைத் தேர்வின்போது திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் டெனியூர் (பேராசிரியருக்கு நிரந்தரப் பணி) பற்றிய கேள்வியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

கணக்கு எவ்வளவு தெரியணும்?

லீனியர் அல்ஜிப்ரா கைவசம் இருக்க வேண்டும். நிகழ்தகவு, ஆப்டிமைசேஷன், வகைக்கெழுச் சமன்பாடுகள் பார்த்தால் பயம் வரக்கூடாது. அப்புறம், பலரும் விட்டுவிடுகிற புள்ளியியல். சிறிய எண்ணிக்கை ஆட்கள், ஒரே ஆளிடம் மீண்டும் மீண்டும் எடுத்த அளவீடுகள், நடுவில் விலகிப்போனவர்கள்: இதையெல்லாம் நேர்மையாகக் கணக்கில் எடுக்கும் புள்ளியியல், மாடல் பயிற்றுவிக்கும் வகுப்பில் கிடைக்காது. மருத்துவ ஆய்வுமுறை சொல்லித்தரும் துறையில் ஒரு பாடம் எடுங்கள்.

நான் பிசியோதெரபி படிச்சவ. கோடிங் தெரியாது. எனக்கு இங்க இடம் உண்டா?

உண்டு, அதுவும் நல்ல இடம். பொறியாளர் 'கை 30 டிகிரி மடங்கியது' என்று எழுதும் இடத்தில், நீங்கள் 'தோளைத் தூக்கி, உடம்பைச் சாய்த்து ஏமாற்றி எட்டிவிட்டார்' என்று பார்ப்பீர்கள். இந்த ஈடுகட்டும் அசைவைக் கண்டுகொள்ளாத அல்காரிதம், தவறான அசைவுக்கே பரிசு கொடுத்து அதைப் பழக்கிவிடும். தெரபிஸ்ட் இல்லாத குழுக்களில் இது நடக்கிறது.

கோடிங் கொஞ்சமாவது வேண்டும்தான். பைத்தானில் டேட்டாவைத் திறந்து, வரைந்து, தவறான பதிவைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் தொடங்கலாம். கவனிக்க வேண்டியது வேறொன்று: சில ஆய்வகங்கள் தெரபிஸ்ட்டை நோயாளிகளைக் கூட்டிவரும் ஆளாக மட்டும் வைத்திருக்கும். சேருமுன், அங்கே ஏற்கெனவே இருக்கும் தெரபிஸ்ட்டின் பெயர் பேப்பர்களில் எந்த இடத்தில் வந்திருக்கிறது என்று பாருங்கள்.

எங்க காலேஜ்ல ரோபோவே இல்லை. எப்படி ஆரம்பிக்கிறது?

சிமுலேட்டர்கள் இலவசம். முஜோகோ 2022 முதல் திறந்த மூலம். உதவி ரோபோவுக்கென்றே அசிஸ்டிவ் ஜிம் 2020இல் வந்தது. ஊட்டுவது, சொறிந்துவிடுவது, உடை மாட்டுவது போன்ற பணிகள் அதில் இருக்கின்றன. தசை எலும்பு அசைவைப் பார்க்க ஓப்பன்சிம். மலிவான சிறு ரோபோ கைகளில் செய்து காட்டிக் கற்பிக்க லெரோபோட் என்ற நிரல் நூலகம் இருக்கிறது. இவற்றில் ஒன்றை எடுத்து, வெளியான ஒரு பேப்பரின் முடிவைத் திரும்ப வரவைத்துப் பாருங்கள். வராது. ஏன் வரவில்லை என்று நீங்கள் எழுதும் இரண்டு பக்கம் மதிப்பெண் பட்டியலைவிட எனக்கு அதிகம் சொல்லும்.

சிமுலேஷனில் இருக்கும் மனித உருவம் களைக்காது, எரிச்சல்படாது, இருமாது. அதை நினைவில் வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

பிஎச்.டி.க்கு லேபை எப்படிப் பார்த்து எடுக்கிறது? ரேங்க் பார்த்தா போதுமா?

போதாது. ரோபோ இருக்கும் கட்டிடத்துக்கும் நோயாளிகள் வரும் கட்டிடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று முதலில் கேளுங்கள். சிகாகோவில் பிரென்னா ஆர்கால் நடத்தும் ஆய்வகம் ஷெர்லி ரயான் எபிலிட்டிலேப் என்ற மறுவாழ்வு மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிறது. செயல்விளக்கத்திலிருந்து கற்றல் பற்றி 2009இல் வந்த, பலரும் பாடமாகப் படிக்கும் தொகுப்புக் கட்டுரையை எழுதியவர்களில் அவர் முதலாமவர். இப்போது அதே கருவிகளைச் சக்கர நாற்காலிகளுக்கும் ரோபோ கைகளுக்கும் பயன்படுத்துகிறார். சூரிச்சில் ராபர்ட் ரீனர் குழுவும் பால்கிரிஸ்ட் மருத்துவமனையோடு ஒட்டியே வளர்ந்தது. எல்லா இடத்திலும் இப்படி அமையாது. வாரம் ஒருநாளாவது மாணவர்கள் சிகிச்சை அறையில் போய் உட்கார வழியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்து, மூத்த மாணவர் ஒருவரைத் தனியே பிடித்து இரண்டு விஷயம் விசாரியுங்கள். போன மாதம் ரோபோ எத்தனை நாள் ஓடியது? கெட்டுப்போனால் யார் சரிசெய்கிறார்கள்? 'பிஎச்.டி. மாணவர்தான்' என்று பதில் வந்தால் அதற்கும் சேர்த்து வருடங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மத்தவங்க லட்சக்கணக்குல டேட்டா வெச்சு ட்ரெய்ன் பண்றாங்க. நீங்க பத்து பேரை வெச்சு பேப்பர் போடறீங்க. இது எப்படி ஆராய்ச்சி?

நியாயமான கேள்வி. ஏன் பத்து பேர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்டுவடக் காயம் பட்ட ஒருவர் ஆய்வகத்துக்கு வர வேண்டுமானால் அவரை அழைத்துவர ஒருவர் வேண்டும், வண்டி வேண்டும், அன்று அவருக்குத் தோல் புண்ணோ காய்ச்சலோ இருக்கக்கூடாது. வந்த பிறகு நாற்காலியிலிருந்து மாற்றி உட்காரவைத்து, பட்டைகளைக் கட்டி, தசையின் மின்சைகையை அளக்கும் இஎம்ஜி மின்முனைகளை ஒட்டிச் சரிபார்ப்பதற்குள் அவருடைய தெம்பில் பாதி போய்விடும். மிச்சமிருக்கும் நேரத்தில்தான் ரோபோ கற்க வேண்டும். இரண்டாவது முறை அவர் வரும்போது தசை இறுக்கம் மாறியிருக்கும். போன தடவை கற்றது அப்படியே பொருந்தாது.

அதனால் இங்கே கெட்டிக்காரத்தனம் என்பது குறைந்த நேரத்தில் ஒரு ஆளுக்கு ஏற்ப மாறுவதில் இருக்கிறது. ஸ்டீவ் காலின்ஸ் குழு 2017இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட கணுக்கால் எக்ஸோஸ்கெலிட்டன் (உடலுக்கு வெளியே அணியும் இயந்திரச் சட்டகம்) வேலையைப் பாருங்கள். நடப்பவரின் மூச்சிலிருந்து அவர் செலவழிக்கும் ஆற்றலை அளந்துகொண்டே, எந்த நேரத்தில் எவ்வளவு முறுக்குவிசை கொடுப்பது என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தேடிக் கண்டுபிடித்தார்கள். ஆற்றல் செலவு சராசரியாக 24 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. பங்கேற்றவர்கள் 11 பேர்தான். எண்ணிக்கையைப் பார்த்து யாரும் அதைத் தள்ளிவிடவில்லை. ஒவ்வொருவரிடமும் என்ன நடந்தது என்று தெளிவாகக் காட்டியிருந்தார்கள்.

சராசரியை மட்டும் போட்டு, யாருக்கு உதவவில்லை என்பதை மறைக்கும் பத்து பேர் பேப்பரும் உண்டு. அது மோசம்தான். உங்களோடு ஒத்துப்போகிறேன்.

ஆரோக்கியமானவங்களை வெச்சு டெஸ்ட் பண்ணா சீக்கிரம் முடியுமே?

முதல் சோதனையை நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். பாதுகாப்பு, விசை வரம்பு, மென்பொருள் இடையில் நின்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் ஆய்வக ஆட்கள் மேலேயே பார்த்துவிட வேண்டியவை. அதற்கு மேல் அந்த முடிவுகளை நம்பாதீர்கள். மணிக்கட்டில் கனத்தைக் கட்டிக்கொண்ட மாணவர் பக்கவாதம் வந்தவர் ஆகிவிட மாட்டார்.

ஒரு விஷயம் மட்டும் இருவருக்கும் பொது: ரோபோ அதிகம் உதவினால் ஆள் முயல்வதைக் குறைத்துக்கொள்வார். டேவிட் ரெய்ன்கென்ஸ்மேயர் குழுவினர் இதைக் கணிதமாகவே காட்டினார்கள். உடம்பு இயல்பாகவே சிக்கனம் பார்க்கும். ரோபோ தூக்கிக்கொடுக்கும் அளவுக்குத் தசை ஓய்வெடுத்துக்கொள்ளும். சிகிச்சைக்கு இது நேர் எதிரி. தேவையான அளவு மட்டும் உதவி, ஆள் தேறத் தேறப் பிடியைத் தளர்த்தும் கன்ட்ரோலர்கள் இதிலிருந்துதான் வந்தன. உங்கள் ரோபோ எவ்வளவு துல்லியமாகக் கையைப் பாதையில் வைத்தது என்று பெருமைப்படுமுன், கையின் சொந்தக்காரர் அப்போது எவ்வளவு முயன்றார் என்று பாருங்கள்.

எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கவே மாசக்கணக்கா ஆகுதாமே?

ஆகும். முதல் வருடத்திலேயே எழுதத் தொடங்குங்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் நல்ல கேள்விகள்: அதிகபட்ச விசை எவ்வளவு, மென்பொருள் உறைந்துபோனால் மோட்டார் என்ன செய்யும், அவசர நிறுத்தப் பொத்தான் யார் கையில் இருக்கும், பேச முடியாதவர் 'நிறுத்து' என்பதை எப்படிச் சொல்வார். கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இடர் மதிப்பீட்டுக்கு ஐஎஸ்ஓ 14971, தனிநபர் பராமரிப்பு ரோபோக்களுக்கு 2014இல் வந்த ஐஎஸ்ஓ 13482, மறுவாழ்வு ரோபோக்களுக்கென 2019இல் வந்த ஐஇசி 80601-2-78. இந்த மூன்று தரநிலைகளையும் நூலகத்தில் ஒருமுறையாவது புரட்டிவிட்டு எழுதினால் கமிட்டியோடு பேசுவது எளிது.

கற்கும் ரோபோவுக்கு ஒரு கூடுதல் தலைவலி உண்டு. இன்று அனுமதி பெற்ற மாடல் நாளை கற்றுக்கொண்டு வேறாகிவிட்டால், அனுமதி எதற்கு? நாங்கள் பின்பற்றும் வழி, கற்கும் பகுதியைச் சுற்றிக் கற்காத வேலி ஒன்றைப் போடுவது. வேகம், விசை, எட்டும் தூரம் எல்லாம் சாதாரண நிரலால் கட்டுப்படுத்தப்படும். மாடல் என்ன சொன்னாலும் அதைத் தாண்டாது. அனுமதி அந்த வேலிக்குத்தான். கமிட்டிகளுக்கும் இது புரிகிறது.

பேப்பரை எங்க போடறது? ஐகார்லயா, கோர்ல்லயா?

இரண்டு உலகங்கள், இரண்டு கடிகாரங்கள். கற்றல் பக்கம் 2017இல் தொடங்கிய கோர்ல், 2005இலிருந்து நடக்கும் ஆர்எஸ்எஸ், அப்புறம் ஐக்ரா, ஐராஸ் ஆகிய மாநாடுகள். இங்கே புது முறையும் நல்ல ஒப்பீடும் கேட்பார்கள். வருடத்துக்கு ஒன்று போடாவிட்டால் பின்தங்கியதாகத் தோன்றும். மறுவாழ்வுப் பக்கம் ஐகார் மாநாடு, ஜர்னல் ஆஃப் நியூரோஎன்ஜினியரிங் அண்ட் ரீஹாபிலிடேஷன், ஐட்ரிபிள்இ என்ற பொறியாளர் சங்கத்தின் நரம்பு மண்டலம் மற்றும் மறுவாழ்வுப் பொறியியல் இதழ். இங்கே யார் மேல் சோதித்தீர்கள், மருத்துவ அளவுகோலில் என்ன மாற்றம் என்று கேட்பார்கள். அதற்கு வருடங்கள் ஆகும்.

ஒரே வேலையை இரண்டு பக்கமும் அனுப்பினால் இரண்டு பக்கமும் திருப்பி அனுப்புவார்கள்: ஒருவர் 'புதுமை இல்லை' என்பார், இன்னொருவர் 'நோயாளிகள் இல்லை' என்பார். முறையை முதலில் எழுதி ஒரு பக்கம், அதே முறை மனிதர்களிடம் என்ன செய்தது என்பதைப் பிறகு மறுபக்கம் என்று பிரித்துத் திட்டமிடுங்கள். ரோபோட்டிக்ஸ் அண்ட் ஆட்டோமேஷன் லெட்டர்ஸ் (ஆர்ஏ-எல்) இதழ் பெரும்பாலும் நடுவில் நல்ல இடம்.

ரோபோ சிகிச்சையால பலனே இல்லைன்னு ராட்டல்ஸ் ஆய்வு சொல்லிடுச்சே. அப்புறம் எதுக்கு இந்தத் துறை?

அந்த ஆய்வை முழுக்கப் படித்துவிட்டுக் கேட்பவர்கள் குறைவு. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிரிட்டனில் பக்கவாதம் வந்த 770 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: எம்ஐடி-மேனஸ் வகை ரோபோப் பயிற்சி, அதே கால அளவில் தெரபிஸ்ட் தரும் கூடுதல் பயிற்சி, வழக்கமான சிகிச்சை. வாரம் மூன்று முறை, 45 நிமிடம், 12 வாரம். கையால் செய்யும் செயல்களில் ரோபோக் குழு வழக்கமான சிகிச்சையைவிடக் கணிசமாக மேம்படவில்லை. 2010இல் அமெரிக்காவில் 127 பேரை வைத்து நடந்த ஆய்விலும் 12 வாரத்தில் ரோபோ வழக்கமான சிகிச்சையை விஞ்சவில்லை.

இதை மழுப்பக்கூடாது. நூற்றுக்கணக்கில் அசைவுகளைச் செய்யவைத்தாலே கை தேறிவிடும் என்ற நம்பிக்கை அடி வாங்கியது. கையின் அசைவு கொஞ்சம் தேறுவதற்கும், அந்தக் கையால் சட்டைப் பொத்தான் போடுவதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. ஃபூகல்-மேயர் என்ற அளவுகோலில் தோள் முதல் விரல் வரையிலான கைக்கு மொத்தம் 66 புள்ளி. அதில் இரண்டு மூன்று கூடினால் புள்ளியியலில் தெரியும், ஆளுக்குத் தெரியாமலே போகலாம். அந்த ரோபோக்கள் பெரும்பாலும் மேசைமேல் புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கையை நகர்த்தவைத்தன என்பதையும் பாருங்கள். அன்றாடச் செயலை, ஆளுக்கு ஏற்ற சவாலோடு, வீட்டில் நீண்ட காலம் பயிற்றுவிக்க முடியுமா என்பது இன்னும் திறந்த கேள்வி. கற்றல் முறைகளுக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது. நேர்காணலில் யாராவது இந்த ஆய்வைப் பற்றிக் கேட்டால், எண்களோடு பதில் சொல்லத் தெரிந்தவரைத்தான் நான் எடுப்பேன்.

யூசர் 'வேண்டாம், நானே ஓட்டிக்கறேன்'னு சொல்றாரு. அப்புறம் எதுக்கு ஆட்டோனமி (ரோபோ தானா இயங்கறது)?

ஜாக்கோ கைக்கு ஆறு மூட்டுகள், அதற்கு மேல் விரல்கள். பயனர் கையில் இருப்பது இரண்டு திசையில் அசையும் ஜாய்ஸ்டிக். எனவே முதலில் முன்பின் நகர்த்தும் முறை, பொத்தானை அழுத்தி மேல்கீழ் முறை, மறுபடி அழுத்தி மணிக்கட்டுத் திருப்பும் முறை என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். குவளையை எடுக்கவே பொறுமை தீர்ந்துவிடும். தலை அசைவாலோ, வாயால் ஊதி உறிஞ்சும் குழலாலோ இயக்குபவர்களுக்கு இன்னும் கஷ்டம். இந்த இடத்தில், எதை எடுக்கப் போகிறார் என்று ஊகித்து மணிக்கட்டைத் தானே திருப்பிக்கொள்ளும் ரோபோ பெரிய உதவி. இதைப் பகிர்ந்த கட்டுப்பாடு என்கிறோம்.

அப்படியும் பலர் கட்டுப்பாட்டைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளவே விரும்புகிறார்கள். ஹென்றி எவன்ஸ் என்பவர் பக்கவாதத்துக்குப் பின் பேச்சும் கைகால் இயக்கமும் இழந்தவர். சார்லி கெம்ப் குழுவினரோடு சேர்ந்து, தலை அசைவால் பிஆர்2 ரோபோவை இயக்கித் தன் முகத்தைத் தானே சொறிந்துகொண்டார். ரோபோ மெதுவானதுதான். ஆனால் எப்போது, எங்கே, எவ்வளவு என்பதை முடிவுசெய்தவர் அவர். ஊகிக்கும் மாடல் ஒன்றை நீங்கள் செய்தால், அது தவறாக ஊகிக்கும்போது பயனர் எத்தனை நொடியில் அதைத் தட்டிவிட முடியும் என்பதையும் அளந்து எழுதுங்கள்.

பெரிய ஃபவுண்டேஷன் மாடல் வந்து எல்லாத்தையும் முடிச்சிடாதா?

ஏராளமான டேட்டாவில் பயிற்றுவித்துப் பல வேலைகளுக்கும் பயன்படுத்தும் மாடலைத்தான் ஃபவுண்டேஷன் மாடல் என்கிறார்கள். சிலதை முடிக்கும், முடிக்கட்டும். 2023இல் வந்த ஓப்பன் எக்ஸ்-எம்பாடிமென்ட் தொகுப்பில் 22 வகை ரோபோக்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செயல்பதிவுகள் இருக்கின்றன. குவளையை அடையாளம் காண்பது, அலமாரியைத் திறப்பது எல்லாம் இனி நாங்கள் தனியே போராட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பதிவுகளில் பெரும்பாலும் ரோபோ தொடுவது பொருட்களை. இறுகிய முழங்கையைச் சட்டைக்குள் நுழைக்கும்போது எவ்வளவு விசை வலிக்கும் என்பதற்கு இணையத்தில் டேட்டா கிடையாது. மேலே பத்து பேர் பற்றிய கேள்விக்குச் சொன்ன காரணங்களால் அது சீக்கிரம் குவியவும் குவியாது.

போஸ்ட்டாக் அவசியமா? டெனியூர் கமிட்டிக்கு இந்த ரெட்டைத் துறை புரியுமா?

பிஎச்.டி.யைக் கற்றல் பக்கம் செய்திருந்தால், மருத்துவமனையோடு ஒட்டிய இடத்தில் ஒரு போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சிப் பணி) செய்வது கிட்டத்தட்ட அவசியம். மறுபக்கத்திலிருந்து வந்தாலும் இதே கணக்கு. நோயாளிகளோடு ஒரு ஆய்வைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை நடத்தியவர் என்ற பெயர் இருந்தால், முதல் நிதி விண்ணப்பம் எழுதும்போது கை நடுங்காது.

கமிட்டி விஷயம் கொஞ்சம் கசப்பு. கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை உங்கள் பேப்பர்களை எண்ணும். மருத்துவத் துறை எந்த இதழ் என்று பார்க்கும். இரண்டு துறையிலும் பாதிப் பதவி என்றால் இரண்டு முழு எதிர்பார்ப்பு. சேரும்போதே, எந்த ஒரு துறை உங்களை மதிப்பிடும், எந்த வகை வெளியீடுகள் எண்ணப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பட்டம் பற்றிய கேள்வியில் 'எதற்கு உங்களிடம் வருகிறார்கள்' என்று கேட்டேனே, பரிந்துரைக் கடிதம் எழுதுபவர்களும் அதைத்தான் ஒரு வரியில் எழுத வேண்டியிருக்கும். அவர்களுக்கு அந்த வரி தெரியாவிட்டால் சிக்கல்.

நிதி கிடைக்குமா?

கிடைக்கும், இரண்டு பக்கமும் தட்டினால். பட்ஜெட்டில் தெரபிஸ்ட்டின் சம்பளம், பங்கேற்பவர்களின் பயணச் செலவு, ரோபோ பராமரிப்பு இந்த மூன்றையும் சேர்க்க மறக்காதீர்கள். ரோபோ வாங்க மட்டும் பணம் கேட்டு வாங்கியவர்களின் ஆய்வகங்களில் அது துணி போர்த்தி நிற்கும்.

கம்பெனிக்குப் போனா தப்பா?

தப்பே இல்லை. லோகோமேட்டைச் சிகிச்சை அறைகளுக்குக் கொண்டுபோனது ஹோகோமா என்ற நிறுவனம்தான். கற்றல் பக்கத் திறமை இருந்தால் கிடங்கு ரோபோ, கார் என்று எங்கும் போகலாம். திரும்பி வரவும் வழி உண்டு, நடுவில் ஏதாவது வெளியிட்டுக்கொண்டிருந்தால்.

ஆய்வு முடிஞ்சதும் யூசர்கிட்ட இருந்து ரோபோவைத் திரும்ப எடுத்துக்கறீங்களே, அது நியாயமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மாணவர்கள் இல்லை. பங்கேற்றவர்களின் குடும்பத்தினர். மூன்று மாதம் வீட்டில் இருந்து, தானே தண்ணீர் குடிக்கப் பழகிய ஒருவரிடமிருந்து கருவியைக் கழற்றி எடுத்துவரும் வேலை பெரும்பாலும் மாணவர் தலையில் விழும். அதை எப்படிச் செய்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

விட்டுவருவதும் எளிதான பதில் கிடையாது. ஆய்வக முன்மாதிரிக்கு மருத்துவச் சாதன அனுமதி இருக்காது. பாதி ராத்திரியில் மோட்டார் நின்றால் பார்க்க ஆள் இருக்காது. பயனர்களே கைவிடுவதும் நடக்கிறது: 1993இல் வெளியான ஃபிலிப்ஸ், ஜாவோ ஆய்வில் மக்கள் பெற்ற உதவிக் கருவிகளில் 29.3 சதவீதம் முற்றிலும் கைவிடப்பட்டிருந்தன. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது பயனரின் கருத்தைக் கேட்காதது முக்கியக் காரணங்களில் ஒன்று.

எங்கள் குழுவில் இப்போது மூன்று விஷயங்களை முன்கூட்டியே செய்கிறோம். திரும்ப எடுக்கும் தேதியை ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டு, வாய்விட்டும் படித்துக் காட்டுகிறோம். ஆய்வில் பழகிய செயல்களில் சந்தையில் கிடைக்கும் எளிய கருவியால் முடிபவை எவை என்று தெரபிஸ்ட்டோடு பட்டியல் போட்டு, வளைந்த பிடி கொண்ட கரண்டியானாலும் சரி, குவளைத் தாங்கியானாலும் சரி, அதை வாங்கிக்கொடுக்க பட்ஜெட்டில் ஒரு தொகை ஒதுக்குகிறோம். எடுத்துவரும் நாளில் மாணவரைத் தனியே அனுப்புவதில்லை. ஆய்வுத் தலைவரும் கூடப் போக வேண்டும். சில குடும்பங்கள் அப்படியும் கோபப்படுகின்றன. அந்தக் கோபத்தையும் ஆய்வு அறிக்கையில் எழுதுகிறோம்.